செல்சீ மருந்துத் தோட்டம்: நாலு ஏக்கருக்காக ஒரு பகல் செலவழிக்கலாமா?

கேள்வி இது: "லண்டனில் நான்கு நாள்தான் இருப்பேன். கியூ தோட்டம் பார்த்தால் போதாதா? செல்சீயில் ஃபிசிக் கார்டன் என்று ஒரு பழைய தோட்டம் இருக்கிறதாம், நாலு ஏக்கர்கூட முழுசாக வராதாம். அதற்கும் டிக்கெட் எடுத்துப் போவதில் பிரயோசனம் உண்டா?"

உண்டு. ஆனால் பூ பார்க்கத்தான் போகிறீர்கள் என்றால் வேண்டாம், கியூவுக்கே போய்விடுங்கள். செல்சீயில் பரந்த புல்வெளியோ பனைமரக் கண்ணாடி மாளிகையோ கிடையாது. பாத்தி பாத்தியாகச் செடிகள், ஒவ்வொன்றின் முன்னும் பெயர்ச்சீட்டு, சுற்றிலும் உயர்ந்த செங்கல் சுவர், அவ்வளவுதான். அங்கே எந்தப் பொருள் எதற்காக வைக்கப்பட்டது என்று தெரியாமல் போனால் இருபது நிமிடத்தில் வெளியே வந்துவிடுவீர்கள். தெரிந்து போனால் பொழுது போவது தெரியாது. அதனால் அந்த "எதற்காக" என்பதை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

தோட்டத்தை 1673இல் தொடங்கியவர்கள் லண்டன் அப்போத்திக்கரிகள் சங்கத்தார். நம்மூரிலும் இலங்கையிலும் பழைய அரசு மருத்துவமனைகளில் புழங்கிய அதே "அப்போத்திக்கரி"தான். மருந்துச் சரக்கை வாங்கி, இடித்து, கலந்து கொடுப்பவர்கள். அவர்களிடம் பல ஆண்டுகள் எடுபிடியாக இருந்து தொழில் கற்கும் பையன்களுக்கு மூலிகையை உயிரோடு காட்ட ஓர் இடம் வேண்டியிருந்தது. இங்கிலாந்தில் இதற்கு முந்தைய தாவரத் தோட்டம் ஆக்ஸ்ஃபோர்டில் 1621இல் அமைந்தது மட்டுமே.

இடம் பிடித்ததில் சாமர்த்தியம் இருக்கிறது. அன்றைக்குச் செல்சீ லண்டனுக்கு வெளியே இருந்த ஆற்றோரக் கிராமம். தேம்ஸ் கரை, தெற்கு நோக்கிய சரிவு, தண்ணீருக்கும் பஞ்சமில்லை. சங்கத்துக்கென்று பெரிய படகு ஒன்று இருந்தது. அதைத் தோட்டத்தின் வாசலிலேயே கட்டிவைத்து, மாணவர்களை ஏற்றிக்கொண்டு ஆற்றோரம் செடி தேடப் போவார்கள். 1870களில் கரையைக் கட்டிச் சாலை போட்டபோது தோட்டத்துக்கும் ஆற்றுக்கும் இருந்த தொடர்பு அறுந்தது. இப்போது தெற்கு வேலிக்கு அப்பால் வண்டிகள் ஓடுகின்றன, அதற்கும் அப்பால்தான் தண்ணீர்.

சரிவு, சுவர், ஆறு, சுற்றியுள்ள நகரத்தின் கதகதப்பு, இவை நான்கும் சேர்ந்து அந்த நாலு ஏக்கருக்குத் தனிப் பருவநிலையையே உண்டாக்கியிருக்கின்றன. பகலில் வெயில் பட்ட செங்கல் இரவில் சூட்டை மெல்ல விடும். வாடைக்காற்று உள்ளே வராது. ஒலிவ மரம் கூரையில்லாத வெளியிலேயே நின்று காய்க்கிறது, கிரேப்ஃப்ரூட் மரமும் வெளியில்தான். லண்டன் அட்சரேகையில் இவை இரண்டும் வாழ்வதே பெரிய சங்கதி. இந்தச் சுவரைக் கடந்து பத்தடி தள்ளி நட்டிருந்தால் கதை வேறு.

பையன்களுக்குச் செடியைக் காட்டுவதில் அப்படி என்ன அவசரம் என்று தோன்றலாம். மருத்துவப் பாத்திகளில் டிஜிடாலிஸ் செடியைத் தேடுங்கள். ஆங்கிலேயர் நரிக்கையுறை என்று பொருள்படும் பெயரில் அழைக்கும் செடி இது. ஈராண்டுச் செடி என்பதால் முதல் ஆண்டில் பூக்காது, தரையோடு தரையாக இலைக்கொத்து மட்டும் விரித்துப் படுத்திருக்கும். அந்த நிலையில் பார்த்தால் கம்ஃப்ரி என்ற இன்னொரு செடியின் இலைபோலவே இருக்கும். கம்ஃப்ரி எலும்பு முறிவுக்குப் பற்றுப்போட்ட பச்சிலை, சிலர் தேநீராகவும் குடித்தார்கள். டிஜிடாலிஸோ இதயத்தைப் பிடிக்கும் நஞ்சு. மாற்றிப் பறித்துக் கொதிக்கவைத்துக் குடித்தால் வாந்தி வரும், பார்ப்பதெல்லாம் மஞ்சளாகத் தெரியும், நாடி தாறுமாறாகி ஆளே போய்விடலாம். இந்தத் தவறு இந்தக் காலத்திலும் நடக்கிறது, மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறது.

பிரித்தறியும் வழி எளிது, ஆனால் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். டிஜிடாலிஸ் இலை விளிம்பில் சின்னச் சின்னப் பற்கள் இருக்கும், அடிப்பக்கம் மெத்தென்ற சாம்பல் மயிர், இலைப்பரப்பு குறுகிக் காம்பின் இருபுறமும் இறங்கி வரும். கம்ஃப்ரி விளிம்பில் பல் கிடையாது. மயிர் முரடு, அறுப்பதுபோல உறுத்தும். (தொட்டுப் பார்க்கும் வேலை தோட்டத்தில் வேண்டாம், அதைப் பின்னால் சொல்கிறேன்.) இந்த வித்தியாசத்தைப் புத்தகப் படத்தில் பார்த்துத் தெரிந்துகொள்வது கடினம். பூக்கும் முன், பூக்கும்போது, காய்க்கும்போது என்று மூன்று தடவை செடியைப் பார்த்தவனுக்கே பிடிபடும். தோட்டம் வேண்டியிருந்தது இதற்குத்தான். டிஜிடாலிஸை அளவாகக் கொடுத்தால் உடம்பில் நீர் கோத்த வீக்கம் வடியும் என்று வில்லியம் விதரிங் என்ற ஆங்கில மருத்துவர் 1785இல் எழுதினார். இன்று இதய நோயாளிகள் விழுங்கும் டிகாக்சின் மாத்திரை அதன் உறவுச் செடி ஒன்றிலிருந்து வருவது. ஒரு மாத்திரையில் 0.25 மில்லிகிராம், அதிலும் மருந்துக்கும் நஞ்சுக்கும் இடைவெளி மிகக் குறைவு. காய்ந்த இலையைக் கைப்பிடிக் கணக்கில் அளந்த காலத்தில் என்ன நடந்திருக்கும் என்று நினைத்துக்கொள்ளுங்கள். கம்ஃப்ரியும் உள்ளுக்குச் சாப்பிட நல்லதல்ல, கல்லீரலைக் கெடுக்கும் பொருள் அதில் இருப்பது பின்னால் தெரியவந்தது.

அடுத்து, தோட்டத்தின் நடுவில் நிற்கும் சிலை. ஹான்ஸ் ஸ்லோன். அங்கே இருப்பது நகல், ரிஸ்பிராக் செதுக்கிய அசல் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. ஸ்லோன் மருத்துவர். இளம் வயதில் இந்தத் தோட்டத்தில் செடி படித்தவர். மனைவி வழியில் ஜமைக்கா சர்க்கரைத் தோட்டங்களின் பணம், அதாவது அடிமைகளின் உழைப்பில் வந்த பணம், அவருக்குச் சேர்ந்தது. 1712இல் செல்சீ பண்ணையையே விலைக்கு வாங்கினார், தோட்ட நிலமும் அதற்குள் அடங்கியது. சங்கத்துக்கோ வாடகை கொடுக்கவே திணறல்.

1722இல் அவர் எழுதிக்கொடுத்த பத்திரம் இருக்கிறதே, அந்தத் தோட்டத்தில் உள்ள எல்லாவற்றிலும் கெட்டியான பொருள் அதுதான். வாடகை ஆண்டுக்கு 5 பவுண்டு, என்றென்றைக்கும். நிபந்தனைகள் இரண்டு. நிலம் எக்காலத்துக்கும் மருந்துத் தோட்டமாகவே இருக்க வேண்டும். தோட்டத்தில் அந்த ஆண்டு வளர்ந்த 50 செடிகளை உலர்த்தி ஒட்டி, பெயர் எழுதி, ராயல் சொசைட்டி என்ற அறிவியல் அறிஞர் கழகத்திடம் ஆண்டுதோறும் ஒப்படைக்க வேண்டும். ஒருமுறை கொடுத்த வகையை மறுபடி கொடுக்கக் கூடாது. 2,000 சேரும்வரை இது தொடர வேண்டும். சங்கம் தவறினால் நிலம் ராயல் சொசைட்டிக்குப் போகும், அவர்களும் கைவிட்டால் மருத்துவர்கள் கல்லூரிக்கு.

இதன் கெட்டிக்காரத்தனம் இரண்டாவது நிபந்தனையில் இருக்கிறது. "தோட்டத்தை நன்றாகப் பராமரிக்கவும்" என்று மட்டும் எழுதியிருந்தால் நாலு ரோஜாச் செடியை வைத்துக்கொண்டு பராமரிக்கிறோம் என்று சொல்லிவிடலாம். ஆண்டுக்கு 50 புது வகை காட்டியாக வேண்டும் என்றால் 40 ஆண்டுக்குப் புதுச் செடி வந்துகொண்டே இருக்க வேண்டும். வெளிநாட்டுத் தோட்டங்களோடு விதை மாற்றிக்கொள்ளாமல் அது நடக்காது. போட்டியிடும் இன்னொரு நிறுவனம் வாரிசாகக் காத்திருப்பதால் கணக்கை ஏமாற்றவும் முடியாது. சங்கத்தார் 2,000 முடிந்த பிறகும் அனுப்பிக்கொண்டே இருந்தார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் செல்சீயில் மனை விலை ஏறி, தோட்டம் பாரமாகத் தோன்றியபோதும் அதை வெட்டி விற்க முடியாமல் கட்டிப்போட்டது இந்தக் காகிதம்தான். 1899இல் லண்டன் அறக்கட்டளை ஒன்று பொறுப்பேற்றது. 1983இல்தான் பொதுமக்களுக்குக் கதவு திறந்தது. தொடங்கி 310 ஆண்டு கழித்து!

அந்த 50 செடி உலர்த்துவது ஏதோ எளிய வேலை என்று எண்ண வேண்டாம். பனி காய்ந்த பிறகு, பூவோ காயோ உள்ள கிளையாகப் பார்த்து வெட்ட வேண்டும். பூ இல்லாத மாதிரியை வைத்து அது எந்தச் செடி என்று உறுதி சொல்ல முடியாது. மை உறிஞ்சும் தாள்களுக்கு நடுவில் பரப்பி, ஓர் இலையையாவது அடிப்பக்கம் தெரியும்படி திருப்பிவைத்து, பலகை அடுக்கி இறுக்கிக் கட்ட வேண்டும். முதல் மூன்று நான்கு நாள் தினமும் தாளை மாற்ற வேண்டும். சோம்பலில் ஒரு நாள் விட்டுப்போனால் ஈரம் தங்கி இலை கறுத்துவிடும் அல்லது பூஞ்சை பிடிக்கும். கள்ளி, கற்றாழை போன்ற சதைப்பற்றுள்ளவை இன்னும் தொல்லை. பலகைக்குள் கிடந்தபடியே துளிர்விடும். அவற்றைக் கொதிநீரில் ஒரு முக்கு முக்கிச் சாகடித்த பிறகுதான் அழுத்த வேண்டும். காய்ந்ததைத் தடித்த தாளில் ஒட்டி, பெயர், இடம், தேதி, எடுத்தவர் யார் என்று எழுத வேண்டும். தேதியும் இடமும் இல்லாத மாதிரி வெறும் சருகு. பிறகு வண்டுக்கும் பூச்சிக்கும் காவல் இருப்பது தனி வேலை. இக்காலத்தில் உறைபெட்டியில் சில நாள் வைத்துக் கொல்கிறார்கள்.

வெப்ப நாட்டுச் செடியை லண்டன் குளிரில் எப்படிக் காப்பாற்றினார்கள் என்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி. நாட்குறிப்பு எழுதிப் புகழ்பெற்ற ஜான் ஈவ்லின் 1685 ஆகஸ்டில் இங்கே வந்தார். அப்போது தோட்டத்தைக் கவனித்தவர் ஜான் வாட்ஸ். செடிகள் வைத்த கட்டடத்துக்கு அடியில் செங்கல் வளைவு கட்டி, கீழே அடுப்பு மூட்டிச் சூட்டை மேலே அனுப்பியிருந்தார். கடும் உறைபனியிலும் கதவு சன்னலைத் திறந்தே வைக்க முடிகிறது, பனி விழாமல் தடுத்தால் போதும் என்று ஈவ்லின் வியந்து எழுதியிருக்கிறார். அதற்கு முன் இருந்த வழக்கம் என்ன தெரியுமா? செடி இருக்கும் அறைக்குள்ளேயே கரிச்சட்டி வைப்பது. புகையும் வறட்சியும் செடியைக் கொன்றன. அடுப்பை வெளியே தள்ளி, சூட்டை மட்டும் உள்ளே விட்டதுதான் இங்கே நடந்த மாற்றம்.

1722இல் தோட்டப் பொறுப்புக்கு வந்து 1770வரை இருந்த ஃபிலிப் மில்லர் இதை இன்னும் நுணுக்கமாக்கினார். அன்னாசி போன்றவற்றுக்கு மேல்காற்று சூடாக இருந்தால் மட்டும் போதாது, வேரடியும் சூடாக இருக்க வேண்டும். அதற்குப் பயன்பட்டது தோல் பதனிடும் தொட்டியிலிருந்து கழித்த பட்டைச் சக்கை. நம்மூரில் தோலுக்கு ஆவாரம்பட்டை போட்டதுபோல அங்கே ஓக் பட்டை. சாறு இறங்கிய பட்டை தோல்காரருக்குக் குப்பை, தோட்டக்காரருக்கோ மெதுவாக எரியும் அடுப்பு.

முறை இப்படி: தொட்டியிலிருந்து வந்த ஈரப் பட்டையை ஒரு வாரத்துக்கு மேல் குவித்துவைத்து நீரை வடிய விட வேண்டும். சுமார் மூன்றடி ஆழமுள்ள செங்கல் குழியில் அதை நிரப்ப வேண்டும், மிதித்து இறுக்கக் கூடாது. பத்துப் பதினைந்து நாளில் புளித்துச் சூடேறும். அதன் பிறகே சட்டிகளை விளிம்புவரை புதைக்கலாம். சூடு சரியா என்று பார்க்க ஒரு குச்சியைச் செருகிவைத்து, உருவிக் கையில் பிடித்துப் பார்ப்பது வழக்கம். கை தாங்கவில்லை என்றால் வேரும் தாங்காது. பட்டை பெரிய துண்டாக இருந்தால் சூடேற நாளாகும், ஏறிவிட்டாலோ கடுமையாகி வேரை அவித்துவிடும். மாவாக அரைபட்டிருந்தால் சீக்கிரம் ஏறிச் சீக்கிரம் அணைந்துவிடும். நடுத்தரம்தான் வேண்டும். சில மாதத்தில் சூடு இறங்கும். அப்போது கிளறி, அடியில் இருப்பதை மேலே கொண்டுவந்து, கொஞ்சம் புதுப் பட்டை கலந்தால் மறுபடி எழும். குதிரைச் சாணத்திலும் சூடு வரும், ஆனால் அது முரட்டுச் சூடு. நாற்றமும் காரமான ஆவியும் கூடவே வரும், சில வாரத்தில் ஓய்ந்தும் போகும்.

அப்படிக் கண்ணாடிக்குள் வளர்ந்தவற்றில் ஒன்று நமக்கு மிகவும் பழக்கமான நித்தியகல்யாணி. சுடுகாட்டு மல்லி என்றும் சொல்கிறோமே, அதேதான். மடகாஸ்கர் செடி. விதை பாரிசுக்கு வந்து, 1750களில் அங்கிருந்து மில்லருக்கு வந்தது. அவர் செல்சீயில் பூக்கவைத்துப் படத்தோடு வெளியிட, ஸ்வீடன் நாட்டுத் தாவரவியலாளர் லின்னேயஸ் 1759இல் அதற்கு அறிவியல் பெயர் வைத்தார். (லின்னேயஸ் 1736இல் இந்தத் தோட்டத்துக்கே வந்துபோனவர். மில்லர் அவருடைய இருசொல் பெயர் முறையைத் தம் தோட்டக்கலை அகராதியில் முழுதாக ஏற்க 1768 ஆகிவிட்டது. பிடிவாதக்காரர்.) 1950களில் இந்தச் செடியிலிருந்து வின்பிளாஸ்டின், பிறகு வின்கிரிஸ்டின் என்னும் புற்றுநோய் மருந்துகள் பிரிக்கப்பட்டன. ஒரு கிராம் மருந்துக்கு நூற்றுக்கணக்கான கிலோ காய்ந்த இலை வேண்டும். தமிழகத்தின் தென்மாவட்ட மானாவாரி நிலங்களில் இதைப் பயிரிட்டு ஏற்றுமதி செய்வது அதனால்தான். வேலியோரம் தானே முளைக்கும் செடியை லண்டனில் கண்ணாடிக்குள் பத்திரப்படுத்தி வைத்திருப்பதைப் பார்க்கச் சற்று வேடிக்கையாகத்தான் இருக்கும்.

தமிழ்நாட்டுத் தொடர்பு அதோடு முடியவில்லை. 1690களில் சென்னைக் கோட்டையில் கிழக்கிந்தியக் கம்பெனி மருத்துவராக இருந்த சாமுவேல் பிரவுன், சுற்றுவட்டாரத்தில் செடி திரட்டி, உள்ளூரார் சொன்ன தமிழ்ப் பெயர்களையும் பயன்களையும் சேர்த்து எழுதி லண்டனுக்கு அனுப்பினார். அவற்றை ஆராய்ந்து ராயல் சொசைட்டி இதழில் வெளியிட்டவர் ஜேம்ஸ் பெட்டிவர் என்ற அப்போத்திக்கரி. இவர்தான் பின்னால், 1709இலிருந்து, செல்சீ தோட்டத்தில் மாணவர்களுக்குச் செடி காட்டும் ஆசிரியராக இருந்தார். அவர் இறந்ததும் ஸ்லோன் அந்தத் தொகுப்பை வாங்கினார். இன்று அது லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது. முந்நூறு ஆண்டுக்கு முன் சென்னையில் ஒரு செடிக்கு வழங்கிய பெயரைத் தேடுகிறவர் கடைசியில் அங்கேதான் போய் நிற்க வேண்டும்.

சிலைக்குப் பக்கத்தில் உள்ள கற்குவியலைத் தாண்டிப் போய்விடாதீர்கள். 1773இல் அமைத்த பாறைத் தோட்டம் அது. லண்டன் கோபுரக் கோட்டையிலிருந்து கழித்த பழைய கல் சுமார் 40 டன், தாவரவியலாளர் ஜோசஃப் பேங்க்ஸ் ஐஸ்லாந்திலிருந்து கப்பலில் கொண்டுவந்த எரிமலைக் கல், சுண்ணாம்புக் கல், சிக்கிமுக்கிக் கல் எல்லாம் கலந்து கிடக்கும். அழகு என்று சொல்ல மாட்டேன். மலைச் செடி ஈரக் களிமண்ணில் வேரழுகிச் சாகும், நீர் வடியும் மேடு வேண்டும் என்பதற்காகக் கட்டியது. கறுப்பாகத் துளைதுளையாக இருப்பது ஐஸ்லாந்துக் கல்.

கடைசியாக வார்ட் பெட்டி, அதாவது கப்பலில் செடி அனுப்பப் பயன்பட்ட மூடிய கண்ணாடிப் பெட்டி. நத்தானியேல் வார்ட் என்ற லண்டன் மருத்துவர் 1829இல் ஒரு பூச்சிக் கூட்டை மூடிய புட்டியில் ஈரமண்ணோடு வைத்திருந்தார். பூச்சி வெளிவரும் முன்பே மண்ணில் பெரணியும் புல்லும் முளைத்தன. மூடிய கண்ணாடிக்குள் ஆவி மேலே போய் நீராகித் திரும்ப மண்ணுக்கே வருகிறது, ஊற்றவே வேண்டாம். இவர் அப்போத்திக்கரிகள் சங்கத்தில் உயர்பொறுப்பு வகித்தவர், செல்சீ தோட்டத்தோடு நெருக்கமானவர். அதற்கு முன் கப்பலில் செடி அனுப்புவது சூதாட்டம். சீனாவிலிருந்து ஏற்றுவதில் ஆயிரத்துக்கு ஒன்று பிழைத்தால் அதிகம் என்று 1819இல் ஒருவர் கணக்குச் சொன்னார். உப்புத் துளி, வெயில், குடிநீர்த் தட்டுப்பாடு, எல்லாமே எதிரி.

பெட்டியின் அடிப்பாகம் கெட்டி மரம், மேலே கூரைபோலச் சரிந்த கண்ணாடி, இடுக்கெல்லாம் மக்கு (கண்ணாடி பொருத்தப் பூசும் பசை), வண்ணம் இரண்டும் பூசி அடைப்பு. கப்பல் ஆடும்போது மண் சரியாதிருக்க மேலே குறுக்குச் சட்டங்கள் அடிப்பார்கள். நன்றாக நீர்விட்டு, சில நாள் வடிய விட்டு, அதன் பிறகே மூட வேண்டும். சொதசொதவென்று இருக்கும்போது மூடினால் அழுகல் நிச்சயம். மேல்தளத்தில் வெளிச்சத்தில் வைக்க வேண்டும். இடைஞ்சல் என்று மாலுமிகள் கீழ்த்தளத்தில் இறக்கிவிட்டால் எல்லாம் வெளுத்துச் சாகும். ஒரு கண்ணாடி உடைந்தாலும் உப்பு உள்ளே போய்விடும்.

1846 முதல் 1848வரை செல்சீ தோட்டத்தை நிர்வகித்த ராபர்ட் ஃபார்ச்சூன், அங்கிருந்து கிழக்கிந்தியக் கம்பெனிக்காகச் சீனா போய்த் தேயிலையைக் கடத்திவந்தவர். தேயிலை விதை எண்ணெய்ப்பசை உள்ளது, சாக்கில் கட்டி அனுப்பினால் முளைதிறன் போய்விடும். அவர் கண்ட வழி: பெட்டியில் மல்பெரிக் கன்றுகளை நட்டு, வரிசைகளுக்கு நடுவே தேயிலை விதையைப் பரப்பி, மேலே அரை அங்குலம் மண் போட்டு மூடினார். கல்கத்தா சேர்வதற்குள் நாற்றாகிவிட்டது. அவை போனது இமயமலை அடிவாரத் தோட்டங்களுக்கு.

இனிப் போகும் வழி. பாதாள ரயிலில் ஸ்லோன் ஸ்கொயர் நிலையத்தில் இறங்கினால் பதினைந்து நிமிட நடை. அந்தப் பெயரும் மேற்படி ஸ்லோன்தான். தோட்டம் எல்லா நாளும் திறப்பதில்லை, சனிக்கிழமை மூடுவது நெடுநாள் வழக்கம். கிளம்பும் முன் அன்றைய நேரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். மே கடைசியிலிருந்து ஜூலைவரை நல்ல காலம், டிஜிடாலிஸ் பூத்து நிற்பதும் மே, ஜூனில்தான். அதே பாத்தியில் பூக்காத முதலாண்டுக் கன்றும் இருக்கிறதா என்று தேடுங்கள். டிசம்பரில் போனால் வெறும் மண்ணும் பெயர்ச்சீட்டும்தான். ஜனவரிக் கடைசியில் பனித்துளிப் பூ வரும், அது பிடித்தவர்கள் போகலாம்.

உள்ளே போனதும் பாத்திகளுக்கு முன் கண்ணாடிக் குடில்களுக்குப் போய்விடுவது நல்லது. மதியத்துக்கு மேல் கூட்டம் சேர்ந்தால் அந்தச் சந்துக்குள் நிற்க முடியாது. நச்சுச் செடிப் பகுதியில் கையைக் கட்டிக்கொண்டு நடங்கள். நாபி (அக்கோனைட்) இன நச்சுச் செடியின் சாறு கைக்கீறல் வழியாகக்கூட ஏறும், குழந்தைகள் இருந்தால் கூடுதல் கவனம் வேண்டும். ஆமணக்கும் ஊமத்தையும் இருக்கும், நாம் வரப்பில் பார்த்தவைதானே என்று காயைக் கிள்ளிவிடாதீர்கள். தோட்டம் முழுக்க ஏறக்குறைய 5,000 வகை, எல்லாச் சீட்டையும் படிக்க முயன்றால் தலை சுற்றும். சிலை, கற்குவியல், பெரணிக் குடில், தெற்குச் சுவரை ஒட்டிய மரங்கள், மருத்துவப் பாத்தி என்று ஐந்து இடம் போதும். இரண்டரை மணி நேரம் ஒதுக்குங்கள். வெயில் அடித்தால் ஒலிவ மரத்தருகே பெஞ்சு காலியாக இருக்காது, காத்திருக்கத்தான் வேண்டும்.